கிறிஸ்துமஸ் கேக்கில் நம்ம ஊர் மசாலா: உங்கள் வீட்டு அனுபவத்தைச் சொல்லுங்கள்

காரைக்குடியிலிருந்து:

நான் காரைக்குடியில் பிறந்து இங்கேயே வாழ்க்கைப்பட்டவள். கத்தோலிக்கக் குடும்பம். பதினேழு வருஷமாக டிசம்பர் பிறந்தால் வீட்டில் கேக் போடுகிறேன். முதல் ஆறு வருஷம் போட்ட கேக்குக்கும் அதற்குப் பிறகு போட்ட கேக்குக்கும் உள்ள வித்தியாசத்துக்கு அடுத்த வீட்டு ஆச்சிதான் காரணம்.

ஆரம்பத்தில் நான் செய்தது இவ்வளவுதான்: பழங்களை ஊறவைப்பேன், சர்க்கரையைக் கருக்கிக் கலர் எடுப்பேன், எசென்ஸ் ஒரு மூடி, கடையில் வாங்கிய பட்டைத்தூள் ஒரு சிட்டிகை. கேக் நன்றாக உப்பி வரும். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்பார்கள். ஒரு வருஷம் ஆச்சி ஒரு விள்ளல் வாயில் போட்டு மென்றுவிட்டு, "பழம் நல்லாருக்கு, பக்குவம் நல்லாருக்கு. மணம் எங்கத்தா?" என்றார்.

"பட்டைத்தூள் போட்டேனே ஆச்சி."

"அந்தத் தூளைக் கொண்டா பாப்போம்."

கொண்டுபோய்க் கொடுத்தேன். உள்ளங்கையில் கொட்டி, விரலால் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோனவர், "இது பட்டை இல்ல, பட்டையோட சக்கை" என்று சொல்லி என்னை இரண்டாங்கட்டுக்குக் கூட்டிப் போனார். அங்கே இரண்டு டப்பா எடுத்தார். ஒன்றில் தடித்த, முரடான பட்டை. இன்னொன்றில் காகிதம் போல மெல்லிய தோல் பல அடுக்காகச் சுருண்ட சுருள்பட்டை. விரலால் அழுத்தினால் பொடிந்துவிடுகிறது. "கறிக்கு அது, பலகாரத்துக்கு இது" என்றார். பதினெட்டு வயதிலிருந்து சமைக்கிறேன், இந்த ஒரு வரியை எனக்கு யாரும் சொன்னதில்லை. தடித்த பட்டைக்குக் காரமும் துவர்ப்பும் அதிகம். அது குழம்பில் மற்ற மசாலாவோடு சேர்ந்து நிற்கும், கேக்கில் தனியாகத் தெரிந்துவிடும்.

அன்று அவர் செய்து காட்டியதை அப்படியே எழுதுகிறேன். சுருள்பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ மூன்றையும் வெறும் இரும்புச் சட்டியில் போட்டு, கைக்குச் சூடு தெரிகிற அளவுக்கு மட்டும் புரட்டினார். கறி மசாலாவுக்கு வறுப்பதுபோல் நிறம் மாற விடவில்லை. ஏலக்காயை வறுக்கவே இல்லை. அதன் உள்ளே இருக்கும் விதையை மட்டும் எடுத்து ஒரு கரண்டி சர்க்கரையோடு இடித்தார், நைசாக வந்தது. ஜாதிக்காயைக் கல்லில் உரசி எடுத்தார். எல்லாவற்றையும் சின்ன இரும்பு உரலில் இடித்து, மெல்லிய துணியில் சலித்து, மிஞ்சின கப்பியைத் திரும்ப இடித்தார். கடைசியில் இரண்டு கரண்டி நெய்யைச் சுட வைத்து, அடுப்பை அணைத்த பிறகு பொடியை அதில் கொட்டி மூடிவிட்டார். பத்து நிமிஷம் கழித்துத் திறந்தபோது வந்த மணம் எங்கள் வீட்டுத் திண்ணை வரைக்கும் போனது என்று என் மாமியார் சொன்னார்.

காரணம் ஒன்றும் பெரிதில்லை. இந்த மசாலாக்களின் மணம் பெரும்பாலும் எண்ணெயில் கரைகிற சரக்கு. நெய்யில் இறக்கிவிட்டால் மாவு முழுக்க நெய்யோடு சேர்ந்து பரவுகிறது. உலர்ந்த மைதாவில் தூவினால் அப்படிப் பரவுவதில்லை. தாளிப்பதற்கும் இதே காரணம்தான். நாம் தினமும் அடுப்பில் செய்கிற வேலையைக் கேக் என்றதும் மறந்துவிடுகிறோம்.

என் அளவு: 250 கிராம் மைதாவுக்கு இரண்டு அங்குலச் சுருள்பட்டை, கிராம்பு 4, ஏலக்காய் 6, ஜாதிக்காய் கால் பங்கு, ஜாதிபத்திரி ஒரு இதழ், அன்னாசிப்பூவில் ஒரே ஒரு இதழ், சுக்கு அரை அங்குலம், மிளகு 8. கிராம்பு ஐந்தாகக் கூட ஆக வேண்டாம், நாக்கு மரத்துப்போகும். அன்னாசிப்பூ முழுசாகப் போட்டால் சாப்பிடுகிறவருக்குப் பிரியாணி ஞாபகம் வந்துவிடும்.

இன்னொன்றும் ஆச்சியால்தான் தெரிந்தது. அந்த வருஷம் நகரத்தார் வீடுகளில் இருக்கிற பிள்ளையார் நோன்பு கிறிஸ்துமஸுக்குச் சில நாள் கழித்து வந்தது. திருக்கார்த்திகையிலிருந்து இருபத்தோராம் நாள் இழை எடுத்துக்கொள்ளும் வரைக்கும், அதாவது நூல்திரி வைத்து ஏற்றிய மாவை வாயில் போட்டு நோன்பை முடிக்கும் வரைக்கும், அவர் முட்டை தொடமாட்டார். நான் கொடுத்த கேக்கை எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிச் சம்படத்தில் போட்டு வைத்துவிட்டார். நோன்பு முடிந்து சாப்பிட்டவர் என்னை அழைத்து ஒரு துண்டு கொடுத்தார். கிறிஸ்துமஸ் அன்று நான் சாப்பிட்ட அதே கேக்தான். ஆனால் அன்று கிராம்பு தனியாக, சுக்கு தனியாக நின்றது. இப்போது எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்திருந்தது. அதற்குப் பிறகு டிசம்பர் 10 தாண்டி நான் கேக் சுட்டதே கிடையாது.

உங்கள் வீட்டில் எப்படி? சரியாக வந்ததையும் எழுதுங்கள், வராமல் போனதையும் எழுதுங்கள்.

தேவகோட்டையிலிருந்து, வீட்டிலேயே கேக் செய்து விற்பவர்:

வராமல் போனதைச் சொல்கிறேன் அக்கா. மூன்று வருஷம் முன்பு வெளியூரிலிருந்து ஒருவர் 'செட்டிநாடு ஸ்பெஷல்' என்று ஆறு கிலோ பிளம் கேக் கேட்டார். செட்டிநாடு என்றால் கல்பாசியும் மராட்டி மொக்கும் இல்லாமலா என்று இரண்டையும் பொடித்துச் சேர்த்தேன். சுடும்போதே சந்தேகம். ஆறியபின் வெட்டிப் பார்த்தால் மழையில் நனைந்த சுவரின் வாடை, பின்னால் ஒரு கசப்பு. ஆறு கிலோவும் வீண். முட்டையும் முந்திரியுமாக அவ்வளவு காசு போட்ட கேக்கைக் கொட்டும்போது அழுகை வந்துவிட்டது.

எங்கம்மாவிடம் சொன்னபோது, "கல்பாசியைச் சும்மா மோந்து பாரு, ஒண்ணும் இருக்காது. எண்ணெய் கொதிக்கறப்பத்தான் அது வாயத் திறக்கும்" என்றார். பேர்தான் பாசி, கல்பாசி பாறையிலும் மரப்பட்டையிலும் பாசியும் பூஞ்சையும் சேர்ந்து படர்கிற ஒன்று. சூடான எண்ணெயும், கூடவே வெங்காயமும் கறியும் வேண்டும் அதற்கு. வெண்ணெயும் சர்க்கரையும் உள்ள மாவில் அதற்கு வேலையே இல்லை. நம்ம ஊர்ப் பெயர் சொல்கிற பொருள் எல்லாம் நம்ம ஊர்க் கேக்கில் போக வேண்டியதில்லை என்று அன்றைக்குப் புரிந்தது.

இன்னொரு விஷயம். பட்டை போட்ட கிறிஸ்துமஸ் பன் செய்கிறவர்கள் பட்டைத்தூளை மாவில் பிசையாதீர்கள். பட்டையின் காரச்சத்து ஈஸ்டை அடக்கிவிடும். எனக்கு இரண்டு தடவை மாவு எழும்பாமல் கல்லாகிவிட்டது. மாவைத் தேய்த்து விரித்து, வெண்ணெய், நாட்டுச் சர்க்கரையோடு பட்டையை உள்ளே தடவிச் சுருட்டினால் ஒரு பிரச்சினையும் இல்லை.

ஜெர்மனியிலிருந்து, சொந்த ஊர் புதுவயல்:

நியூரம்பெர்க் பக்கம் வேலை. இங்கே டிசம்பரில் கிறிஸ்துமஸ் சந்தை போடுவார்கள். வந்த முதல் வருஷம் குளிரில் கை விறைத்துப்போய் அதற்குள் நுழைந்தேன். நுழைந்ததுமே எங்க ஆயா வீட்டு மசாலா டப்பாவைத் திறந்த மாதிரி ஒரு வாசனை. சில நொடி அங்கேயே நின்றுவிட்டேன். லெப்கூகன் என்கிற தேன் ரொட்டி அது. பட்டை, கிராம்பு, ஏலக்காய், இஞ்சி, ஜாதிக்காய், சோம்பு மாதிரியே மணக்கிற அனிஸ், அதோடு கொத்தமல்லி விதை. ஆமாம், நாம் குழம்புக்கு வறுக்கிற அதே மல்லிதான், இனிப்பில் போடுகிறார்கள். ஜெர்மனியில் சில பகுதிகளில் இதற்கு ஃபெஃபர்கூகன், அதாவது மிளகுக் கேக் என்றே பெயர். அந்தக் காலத்தில் கடல் கடந்து வந்த எல்லா மசாலாவையும் சேர்த்து மிளகு என்றே சொல்லியிருக்கிறார்கள்.

இதில் உயர்ந்த ரகத்தில் மாவு கொஞ்சம்தான், பருப்பு வகைதான் அதிகம். அடியில் ஒட்டாமல் இருக்க ஒரு மெல்லிய அப்பத் தட்டு வைத்துச் சுடுகிறார்கள். பார்த்தால் கோயிலில் நற்கருணைக்குக் கொடுக்கிற அப்பம் மாதிரியே இருக்கும்.

ஊருக்கு வந்தபோது ஆத்தாவுக்கு ஒரு டப்பா கொண்டுவந்தேன். ஒன்றைக் கடித்துவிட்டு, "இது நம்ம சுக்குருண்டைக்குத் தம்பிடா" என்றார். இப்போது ஆத்தாவே வெல்லப்பாகில் முந்திரியும் பாதாமும் இடித்துப்போட்டு, ஒரு சிட்டிகை வறுத்த மல்லிப்பொடியும் சேர்த்து உருட்டுகிறார். தேன் ரொட்டியை விட எனக்கு அது பிடிக்கிறது.

புதுக்கோட்டையிலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியர்:

கேக்கில் 'நம்ம மசாலாவைச் சேர்ப்பது' என்று சொல்கிறோம். அந்தச் சொல்லைக் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. பட்டையும் கிராம்பும் ஜாதிக்காயும் ஐரோப்பாவில் விளைகிற பொருளா? 1927-இல் இங்கிலாந்து அரண்மனைச் சமையற்காரர் கொடுத்த கிறிஸ்துமஸ் புட்டிங் குறிப்பு ஒன்றை அரசாங்கமே விளம்பரமாகப் பரப்பியது. அதில் ஒவ்வொரு பொருளுக்கும் நேராக அது பிரிட்டிஷ் பேரரசின் எந்தப் பகுதியிலிருந்து வர வேண்டும் என்று எழுதியிருந்தது. கிராம்பு சான்சிபாரிலிருந்து, பட்டை இந்தியா அல்லது இலங்கையிலிருந்து. நம் பக்கத்துச் சரக்கு இல்லாமல் அவர்களுக்குப் பண்டிகையே இல்லை.

கேரளத்துத் தலச்சேரிக் கதை பலருக்கும் தெரியும். 1883-இல் மர்டாக் பிரௌன் என்கிற பட்டைத் தோட்டக்காரர் இங்கிலாந்திலிருந்து வந்த கேக்கைக் காட்டி இப்படி ஒன்று செய்ய முடியுமா என்று கேட்க, அங்கே பேக்கரி வைத்திருந்த மாம்பள்ளி பாப்பு உள்ளூர்ப் பொருட்களை வைத்தே செய்து கொடுத்தார். அந்தப் பாப்பு பர்மாவோடு தொழில் தொடர்பு உள்ளவர். கவுனி அரிசியைப் பர்மாவிலிருந்து கொண்டுவந்து தன் பலகாரமாக்கிக்கொண்ட ஊர் நம்முடையது. இரண்டு பக்கத்துக்கும் பர்மாவோடு கடல்வழித் தொடர்பு. அந்தப் பக்கம் கேக் பிறந்தது, இந்தப் பக்கம் கவுனி அரிசிப் பொங்கல்.

ஓரியூர்ப் பக்கத்திலிருந்து:

புனித அருளானந்தர் வேதசாட்சியாக உயிர்விட்ட மண்ணிலிருந்து எழுதுகிறேன். கேக் எங்கள் வீட்டில் பிறகு வந்த பழக்கம். எங்களுக்குக் கிறிஸ்துமஸ் என்றால் நடுச்சாமப் பூசை முடிந்து வந்ததும் ஒரு தம்ளர் சுக்குக்காப்பி, விடிந்ததும் கறி. தேவகோட்டைத் தங்கச்சி கல்பாசியால் பட்ட பாட்டைப் படித்தேன். அது போக வேண்டிய இடம் கோழிக்குள்ளே.

ஒன்றேகால் கிலோ முழுக்கோழி. கடலை எண்ணெயைச் சூடாக்கிக் கல்பாசி, மராட்டி மொக்கு, பட்டை, சோம்பு, மிளகு, மிளகாய் வற்றல் பொரித்து, சின்ன வெங்காயம், பூண்டு வதக்கி அரைக்க வேண்டும். பாதியைத் தோலுக்கு அடியில் கை விட்டுத் தடவி, மீதியை மேலே பூசி, ஒரு இரவு வைக்கணும். வயிற்றுக்குள் முழுச் சின்ன வெங்காயம் நிரப்பணும். ஓவனில் 200 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. அரைத்த மசாலா சீக்கிரம் கருகும், அதனால் முதல் நாற்பது நிமிஷம் மூடியே இருக்கட்டும். பிறகு திறந்து, அடியில் இறங்கின நெய்ச்சாற்றை எடுத்து மேலே விட்டுக்கொண்டே இருக்கணும். தோல் முறுகலாகி, அந்த வெங்காயம் குழைந்து வரும் பாருங்கள், எங்கள் வீட்டில் கோழியை விட அதற்குத்தான் போட்டி.

கேக்கிலும் ஒன்று செய்கிறோம். சர்க்கரையைக் கருக்குவதற்குப் பதில் கருப்பட்டிப்பாகு. சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி எங்களுக்குக் கைக்கெட்டும் தூரம். தட்டிப்போட்டுக் கரைத்து, துணியில் வடிகட்டாமல் மட்டும் விடாதீர்கள், மண் இருக்கும். முதல் வருஷம் என் மகன் கடித்த துண்டில் கல் இருந்தது, அந்தக் கேக்கை மறுபடி அவன் தொடவே இல்லை.

காரைக்குடியிலிருந்து, மறுபடியும்:

எல்லோருக்கும் நன்றி. கருப்பட்டி விஷயத்தை இந்த வருஷமே செய்து பார்க்கப் போகிறேன். பாகு நன்றாக ஆறிய பிறகுதான் முட்டையோடு சேர்ப்பேன்.

சோம்பு சேர்க்கலாமா என்று தனியாகக் கேட்டிருந்தார்கள். தாராளமாக. வடக்கே அலகாபாத்தில் (இப்போது பிரயாக்ராஜ்) செய்கிற கிறிஸ்துமஸ் கேக்கில் வெண்ணெய்க்குப் பதில் நெய், வெண்பூசணி மிட்டாய், அதோடு சோம்பும் போடுகிறார்கள். நான் ஒரு தடவை போட்டேன். ஆனால் சோம்பு சேர்த்தால் அன்னாசிப்பூவை நிறுத்திவிடுங்கள். இரண்டுக்கும் மணம் கொடுப்பது ஒரே சத்து, இரண்டும் சேர்ந்தால் மற்றது எதையும் தெரியவிடாது. கால் கரண்டி போதும், பொடிக்காமல் ஒன்றிரண்டாகத் தட்டிப் போட்டால் பல்லில் படும்போது மணக்கும்.

ஆச்சிக்கு இப்போது எண்பத்திரண்டு வயது, இடிக்கக் கையில் தெம்பில்லை. போன வாரம் உரலை எங்கள் வீட்டுக்கே கொடுத்தனுப்பிவிட்டார். பழம் ஊறிக்கொண்டிருக்கிறது. நாளைக்குச் சுருள்பட்டையை வெயிலில் வைக்க வேண்டும்.