படிக்கிற புத்தகத்துக்கு ஏற்ற சமையல்: மாதக் கூட்டத்துக்கு யோசனை வேண்டும்

ஹரித்ராநதி:

வணக்கம். மன்னார்குடியில் எங்கள் தெருப் பெண்கள் சிலர் சேர்ந்து மாதம் ஒரு புத்தகம் படித்துப் பேசுகிறோம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், யாராவது ஒருத்தர் வீட்டுக் கூடத்தில். ஆளுக்கொரு பலகாரம் வீட்டில் செய்து எடுத்துவர வேண்டும், கடையில் வாங்கக் கூடாது. இது ஆரம்பத்திலேயே போட்ட கண்டிப்பு.

புத்தகம் மாதாமாதம் மாறுகிறது, தட்டு மாறவில்லை. எதைப் படித்தாலும் வெங்காய பஜ்ஜி, ரவா கேசரி, கேரட் அல்வா. சுவையில் குறை சொல்லவே முடியாது. ஆனால் பேச்சு ஒரு பக்கம், சாப்பாடு ஒரு பக்கம் என்று இருக்கிறது. சாப்பாடு வந்ததும் புத்தகத்தைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு நகைச் சீட்டு பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். வாயில் வைத்ததும் "இது எதற்காக இன்றைக்கு?" என்று ஒருத்தர் கேட்டு, அங்கிருந்து பேச்சு புத்தகத்துக்கே திரும்பினால் எவ்வளவு நன்றாயிருக்கும்! அப்படி ஒரு சாப்பாடுதான் எனக்கு வேண்டும்.

அடுத்து வரப்போகிறவை: ஆடியில் பொன்னியின் செல்வன் முதல் பாகம், ஐப்பசியில் தி. ஜானகிராமனின் மோகமுள், கார்த்திகையில் உ.வே.சாமிநாதையரின் என் சரித்திரம், மார்கழியில் இந்திரா பார்த்தசாரதியின் குருதிப்புனல். எல்லாம் நம் காவிரிப் பக்கத்துக் கதைகள்தான் என்பதால் இங்கே கேட்கிறேன். கூட்டத்தில் பெரியவர்கள் இருவர் வெங்காயம் பூண்டு சேர்ப்பதில்லை. ஒருவருக்குச் சர்க்கரை. மற்றபடி கட்டுப்பாடு இல்லை.

அரசலாற்றங்கரை:

அக்கா, பொன்னியின் செல்வனுக்கு நீங்கள் தேடவே வேண்டாம், கல்கியே பந்தி போட்டுவிட்டார். கதை தொடங்குவதே ஆடிப் பதினெட்டு அன்று, வீரநாராயண ஏரிக்கரையில். இன்றைக்குக் காட்டுமன்னார்கோயில் பக்கம் நாம் வீராணம் என்று சொல்கிற ஏரி. வந்தியத்தேவன் குதிரையில் வரும்போது கரை முழுக்க ஜனங்கள் கூட்டாஞ்சோறும் சித்திரான்னமும் கமுகு மட்டையில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். முதல் அத்தியாயத்திலேயே இருக்கிறது. அதனால் ஆடிப் பெருக்கன்றே கூட்டத்தை வையுங்கள். பாத்திரக் கடைகளில் பாக்கு மட்டைத் தட்டு கிடைக்கிறது. இலையோ எவர்சில்வர் தட்டோ வேண்டாம், மட்டைதான் வேண்டும்.

இனி ஒரு விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். சித்திரான்னம் என்றதும் எல்லோரும் மிளகாய் வற்றலைக் கிள்ளிப் போட்டு, நிலக்கடலையும் முந்திரியும் வறுத்துக் கொட்டிவிடுவார்கள். கதை நடப்பது ராஜராஜன் பட்டத்துக்கு வருவதற்கு முன்னால், அதாவது 985-க்கு முன். மிளகாய், நிலக்கடலை, முந்திரி, தக்காளி, உருளைக்கிழங்கு எல்லாமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியர் காலத்துக்குப் பிறகு கப்பலில் வந்தவை. குந்தவைக்கு மிளகாய் என்றால் என்னவென்றே தெரியாது! அவர்களுக்குக் காரம் என்றால் மிளகுதான். பெரிய கோயில் கல்வெட்டுகளில் நிவேதனத்துக்கு எழுதி வைத்திருக்கிற சாமான்களைப் பாருங்கள்: அரிசி, பருப்பு, நெய், மிளகு, தயிர், வாழைப்பழம், வெற்றிலை, பாக்கு. அவ்வளவும் இன்றைக்கும் நம் அடுக்களையில் இருக்கிறது.

அதனால் மிளகுப் புளியோதரை செய்யுங்கள். எங்கள் வீட்டில் செய்கிற விதம்: பழைய அரிசியாக எடுத்து, உதிர் உதிராக வடித்து, அகலத் தாம்பாளத்தில் கொட்டி, சூட்டோடு நல்லெண்ணெயும் மஞ்சள்தூளும் விட்டு ஆற விட வேண்டும். மிளகையும் கறுப்பு எள்ளையும் எண்ணெய் விடாமல் தனித்தனியாக வறுக்க வேண்டும். எள் வெடித்து அடங்கும்போது இறக்கிவிட வேண்டும், ஒரு நிமிஷம் தாண்டினால் கசந்துவிடும். இரண்டையும் கொரகொரவென்று பொடித்துக்கொள்ளுங்கள். கடுகு, கடலைப்பருப்பு, பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துக் கெட்டிப் புளிக்கரைசலை ஊற்றி, உப்புப் போட்டு, எண்ணெய் ஓரத்தில் பிரிந்து வரும்வரை கொதிக்க விடுங்கள். இந்தப் புளிக்காய்ச்சலும் பொடியும் சாதத்தில் சேர்ந்து இரண்டு மணி நேரமாவது ஊற வேண்டும். காலையில் கலந்து வைத்தால் சாயங்காலம் பிரமாதமாக இருக்கும். மிளகாயின் காரம் நாக்கு நுனியில் சுரீரென்று ஏறும், மிளகின் காரம் தொண்டையில் மெல்லத்தான் தெரியும். சாப்பிட்டதும் யாராவது "மிளகாய் போடலையா?" என்று கேட்பார்கள். அங்கிருந்து பேச்சு தானாகச் சோழர் காலத்துக்குப் போய்விடும். வெங்காயம் பூண்டும் இல்லை.

கூடவே காப்பரிசி ஒரு கிண்ணம். ஊறவைத்த பச்சரிசி, வெல்லம், எள், தேங்காய்ப் பல். ஆற்றுக்குப் படைக்கிறது அதுதானே.

மேலவீதி:

மேலே அண்ணன் சொன்னது மிகச் சரி. மோகமுளுக்கு நான் சொல்கிறேன்.

கும்பகோணத்துக் கதை என்றதும் டிகிரி காப்பியும் கடப்பாவும்தான் முதலில் சொல்வார்கள். கடப்பா எனக்கும் உயிர்தான். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் போட்டு, சோம்பு, கசகசா, தேங்காய் அரைத்து விட்டு, ஞாயிற்றுக்கிழமை இட்லிக்குத் தொட்டுக்கொள்ள அதை மிஞ்சி ஒன்று கிடையாது. ஆனால் உங்கள் பெரியவர்கள் வெங்காயம் பூண்டு சாப்பிடுவதில்லையே, அது ஒன்று. இன்னொன்று, கடப்பா ஊரைக் காட்டும், கதையின் நாயகி யமுனாவைக் காட்டாது. யமுனாவின் தாய் மராத்தியக் குடும்பத்துப் பெண். அந்த வீட்டைத் தெருக்காரர்கள் பார்க்கிற பார்வையும், யமுனாவுக்கு வரன் தட்டிப்போவதும் எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. அவள்மேல் மோகம் கொண்ட பாபு கட்டுண்டு கிடப்பதும் அந்த வீட்டில்தான். அதனால் அந்த வீட்டு அடுப்பிலிருந்து வரக்கூடியதாக ஒன்று வேண்டும்.

ரசவாங்கி என்கிற கத்திரிக்காய்க் கூட்டு செய்யுங்கள். 1676 வாக்கில் வெங்கோஜி தஞ்சாவூரைப் பிடித்ததிலிருந்து 1855 வரை மராத்தியர் ஆண்ட ஊர் இது. அவர்கள் சமையலும் நம் சமையலும் ஒரே ஊரில் கிடந்து கலந்துவிட்டன. சரபோஜி மன்னர் காலத்துச் சமையல் நூல் ஒன்றே இருக்கிறது, சரபேந்திர பாகசாஸ்திரம் என்று, மராத்தியில் எழுதியது. சரஸ்வதி மகால் நூலகத்தார் பதிப்பித்திருக்கிறார்கள். முடிந்தால் அதையும் கூட்டத்தில் எல்லோருக்கும் காட்டுங்கள்.

ரசவாங்கிக்குப் பிஞ்சுக் கத்திரிக்காய், காம்பு பச்சையாக இருக்க வேண்டும். புளி கொஞ்சமாக. தனியா, கடலைப்பருப்பு, மிளகாய் வற்றல், தேங்காய் வறுத்து அரைத்து, வெந்த துவரம்பருப்போடு சேர்த்துக் கெட்டியாக இறக்க வேண்டும். குழம்பு மாதிரி ஓடக் கூடாது. கடைசியில் ஒரு கைப்பிடித் தேங்காய்த்துருவலைத் தேங்காய் எண்ணெயில் சிவக்க வறுத்து மேலே போடுங்கள். அந்த வாசனைக்காகவே செய்யலாம்.

சாயங்காலம் நாலு மணிக்குச் சாதமா என்றால், சாதம் வேண்டாம், வெங்கலப் பானையில் அரிசி உப்புமா கிளறுங்கள். மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு, தேங்காய் சேர்த்து. அடியில் பிடிக்கிற காந்தலுக்கு எங்கள் வீட்டில் சண்டையே நடக்கும். உப்புமாவும் ரசவாங்கியும் சேர்ந்தால் பசி தாங்கும், பேச்சும் நீளும். பாபுவின் சங்கீத குரு ரங்கண்ணாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இரவு எட்டு மணிகூட ஆகிவிடும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். இனிப்பு எதுவும் வேண்டாம். அந்த நாவலை முடித்த கையோடு இனிப்பு இறங்காது.

கொடிக்கால்:

என் சரித்திரத்துக்கு வெற்றிலை பாக்கு போதும். உத்தமதானபுரம் உருவான கதையை முதல் அத்தியாயத்திலேயே ஐயர் சொல்கிறார். தஞ்சாவூர் அரசர் ஒருவர் ஏகாதசியன்று மறந்துபோய்த் தாம்பூலம் போட்டுக்கொண்டார், அதற்குப் பிராயச்சித்தமாக அக்கிரகாரம் கட்டித் தானம் கொடுத்தார், அதுதான் அந்த ஊர். ஐயரின் சொந்த ஊர். ஒரு வெற்றிலையில் தொடங்கும் தன்வரலாறு வேறு எந்த மொழியில் இருக்கும்?

எங்கள் பாபநாசம் பக்கம், ராஜகிரி, பண்டாரவாடை எல்லாம் வெற்றிலைக் கொடிக்கால்தான். அகத்தியில் படர்ந்த கொடியில் பறித்த கொழுந்து வெற்றிலை கிடைத்தால் ஒரு கவுளி வாங்கிவிடுங்கள். ஈரத்துணியில் சுற்றி வைத்தால் வாடாது. புகையிலை கூடாது. ஏகாதசி நாளாகப் பார்த்துக் கூட்டம் வைத்தால் தாம்பூலம் போடலாமா கூடாதா என்றே அரைமணி நேரம் விவாதம் நடக்கும்.

கடைமடை:

தோழர், நான் தலைஞாயிறு பக்கம். எங்கள் அம்மா நடவுக்கும் அறுப்புக்கும் போனவர். குருதிப்புனல் பற்றி மற்றவர்கள் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டதால் எழுதுகிறேன்.

அந்தப் புத்தகத்துக்குப் "பொருத்தமான பலகாரம்" என்று ஒன்று கிடையாது. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்துபோனார்கள், பெண்களும் பிள்ளைகளும்தான் அதிகம். கூலியை உயர்த்திக் கேட்டதும் சங்கம் வைத்ததும்தான் அவர்கள் செய்தது. கூலி என்பது அப்போது பெரும்பாலும் நெல்தான். களத்தில் மரக்காலால் அளந்து கொடுப்பார்கள். இந்திரா பார்த்தசாரதி அதை வைத்துத்தான் எழுதினார், 1977-இல் சாகித்திய அகாதமி விருதும் கிடைத்தது. நாவலில் அவர் அந்தக் கொலைக்குக் காட்டுகிற காரணத்தோடு எங்கள் பக்கத்தில் பலருக்குச் சம்மதம் கிடையாது. கூலிக்கான போராட்டத்தை ஒரு பண்ணையாரின் மனக்கோளாறாக ஆக்கிவிட்டார் என்று இன்றைக்கும் கோபப்படுகிறார்கள், நானும்தான். உங்கள் கூட்டத்தில் அதைப் பேசுங்கள், தட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் ஒன்றுமே வைக்காமல் இருக்கவும் சொல்லமாட்டேன். நெல்லைப் பற்றிய சண்டை அது, சோற்றைப் பற்றிய சண்டை. பேசி முடித்த பிறகு பழைய சோறு வையுங்கள். முதல்நாள் வடித்த சோற்றில் தண்ணீர் ஊற்றி மண்சட்டியில் வைத்தது, உப்பு, மோர், நார்த்தங்காய் ஊறுகாய், அவ்வளவுதான். சாப்பிடுகிறவர்களுக்குச் சுட்ட கருவாடு. எங்கள் அம்மா விடியற்காலை வரப்பில் உட்கார்ந்து சாப்பிட்டது இதைத்தான். தூக்குவாளி மூடியைத் திருப்பிப் போட்டு அதில் ஊறுகாயை வைத்துக்கொள்வார். நீராகாரத்தைக் கடைசியில் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு சேற்றில் இறங்குவார். பெரிய ஓட்டல்களில் பழைய சோறு இப்போது மண்கலயத்தில் அலங்காரமாக வருகிறது, அந்த மாதிரி செய்யாதீர்கள். தாளிக்காதீர்கள், மாதுளை முத்து தூவாதீர்கள்.

கீழ்வெண்மணி நினைவு நாள் மார்கழியில்தான் வருகிறது. மன்னார்குடியிலிருந்து பஸ்ஸில் போய்விட்டு அன்றைக்கே திரும்பிவிடலாம். நினைவிடத்தைப் பார்த்துவிட்டு வந்து கூட்டத்தை வைத்தால் இன்னும் நல்லது.

பொன்னியின் செல்வன் பற்றியும் ஒரு வார்த்தை. ஆடிப் பதினெட்டுக்கு எங்கள் கடைமடை வாய்க்காலில் தண்ணீர் வந்து சேராத வருஷங்கள் உண்டு. ஜூன் 12-இல் மேட்டூரைத் திறந்தாலும் எங்களுக்கு வர நாளாகும், திறக்காத வருஷத்தில் அதுவும் இல்லை. பம்புசெட்டுத் தண்ணீரில் சுமங்கலிகள் மஞ்சள் கயிற்றை நனைத்துக் கட்டிக்கொள்வார்கள். வீரநாராயண ஏரியின் பெருக்கைப் படிக்கும்போது இதையும் யாராவது சொல்ல வேண்டும்.

ஹரித்ராநதி:

எல்லோருக்கும் நன்றி. தோழர் எழுதியதை எங்கள் கூட்டத்தில் அப்படியே படித்துக் காட்டினேன். குருதிப்புனலுக்குப் பேச்சு முடியும்வரை காப்பிகூடக் கிடையாது, அதன்பின் பழைய சோறு என்று முடிவாகிவிட்டது. டிசம்பர் 25-க்கு வெண்மணி போகவும் சிலர் தயார். நாவலில் காட்டுகிற காரணத்தைப் பற்றி இப்போதே வாக்குவாதம் ஆரம்பித்தாயிற்று, இத்தனைக்கும் பாதிப் பேர் இன்னும் புத்தகத்தைப் பிரிக்கவில்லை!

வெற்றிலை யோசனைக்குப் பெரியவர்கள் இருவரும் குதூகலமாகிவிட்டார்கள். பாக்குவெட்டியும் வெற்றிலைச் செல்லமும் பரணிலிருந்து இறங்கிவிட்டன. ரசவாங்கியை என் நாத்தனார் பொறுப்பில் விட்டிருக்கிறேன், வெங்கலப் பானை அவர் வீட்டில்தான் இருக்கிறது.

அரசலாற்றங்கரைத் தம்பி, ஒன்று மட்டும் சொல்லுங்கள். ஆழாக்கு அரிசிக்கு மிளகு எவ்வளவு, எள் எவ்வளவு? குழந்தைகளும் சாப்பிடுவார்கள்.

அரசலாற்றங்கரை:

ஆழாக்குக்கு மிளகு ஒரு தேக்கரண்டி, எள் இரண்டு. குழந்தைகளுக்கென்று தனியாகக் கலந்தால் மிளகைப் பாதியாக்கி, புளிக்காய்ச்சலில் சுண்டைக்காய் அளவு வெல்லம் போடுங்கள். எண்ணெயை மட்டும் குறைத்துவிடாதீர்கள் அக்கா, சாயங்காலத்துக்குள் சாதம் வறண்டுவிடும்.