8 ஓம் 4×10 கேபினெட்டோடு 4 ஓம் 1×15 சேர்க்கலாமா?

நான்குதந்தி:
வணக்கம். நான் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். என் ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்ப்) கிளாஸ் டி என்னும் டிரான்சிஸ்டர் வகை. பின்பக்கம் எழுதியிருப்பது: 4 ஓமில் 500 வாட், 8 ஓமில் 300 வாட், குறைந்தபட்ச லோடு 4 ஓம். இப்போது இருப்பது ஒரே ஒரு 4×10 கேபினெட், அதாவது 10 இன்ச் ஸ்பீக்கர் நான்கு உள்ள பெட்டி. 8 ஓம், 600 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தாங்கும் அளவு). டிரம்ஸ் சேர்ந்தவுடன் கீழ் சுரங்கள் அமுங்கிப் போகின்றன. பழைய 1×15 ஒன்று விலைக்கு வருகிறது: 4 ஓம், 300 வாட். ஹெட்டில் இரண்டு ஸ்பீக்கர் அவுட் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் ஒரு கேபினெட்டைச் செருகிவிடலாமா? இரண்டும் சேர்ந்து 900 வாட் தாங்கும், ஆம்ப் 500தானே, பயமில்லை என்பது என் கணக்கு.

ஓம்காரம்:
செருகாதீர்கள். அந்தக் கணக்கில் இரண்டு தவறுகள்.

முதலாவது ஓம். ஹெட்டில் உள்ள இரண்டு அவுட்டும் உள்ளே பேரலலாகத்தான் (பக்க இணைப்பு) இணைந்திருக்கும். ஒரு கேபினெட்டிலிருந்து இன்னொன்றுக்குக் கேபிள் இழுத்தாலும் அதே பேரலல்தான். அது சீரீஸ் (தொடர் இணைப்பு) என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். 8-ம் 4-ம் பேரலலில் (8×4)÷(8+4) = 2.67 ஓம். 500 வாட், 4 ஓம் என்றால் அவுட்புட்டில் ஏறத்தாழ 44.7 வோல்ட், 11 ஆம்பியர். அதே வோல்டேஜ் 2.67 ஓமில் கிட்டத்தட்ட 17 ஆம்பியர் கேட்கும். நல்ல ஆம்ப் பாதுகாப்புச் சுற்றால் தன்னை அணைத்துக்கொள்ளும். மற்றதில் அவுட்புட் டிரான்சிஸ்டர் போகும். சத்தம் குறைத்து வாசித்தால் ஒன்றும் ஆகாது. சத்தம் ஏற்றும் நேரத்தில்தான் காலை வாரும்.

இரண்டாவது, 600 + 300 = 900 என்று கூட்டியது. பவர் அப்படிப் பிரியாது. பேரலலில் குறைந்த ஓமுக்குத்தான் அதிகப் பங்கு: 4 ஓம் பெட்டிக்கு மூன்றில் இரண்டு, 8 ஓம் பெட்டிக்கு மூன்றில் ஒன்று. ஆம்ப் 2.67 ஓமைத் தாங்கி 600 வாட் கொடுக்கிறது என்றே வையுங்கள். 400 வாட் அந்த ஒற்றை 15 இன்ச் ஸ்பீக்கருக்குப் போகும். அது தாங்குவதோ 300. உங்கள் 10 இன்ச்சுகளுக்குத் தலைக்கு 50 வாட். தாங்கக்கூடிய பெட்டி சும்மா இருக்கும், தாங்க முடியாதது எரியும்.

நான்குதந்தி:
சரி, வாங்கவில்லை. அதே 1×15 8 ஓமில் கிடைத்தால்? அப்போது மொத்தம் 4 ஓம்தானே.

கோன்கிழிஞ்சவன்:
ஆம்புக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா பெட்டிக்குப் பாதி பாதின்னு 250 வாட் போகும். 15-க்கு 250 முழுசா, 10 ஒவ்வொண்ணுக்கும் 62 சொச்சம். திரும்பவும் அடி 15-க்குத்தான்.

அதைவிட முக்கியமா, "300 வாட் ஆர்எம்எஸ்"ங்கிறது வாய்ஸ் காயில் (கோன்ங்கிற கூம்பை ஆட்டுற கம்பிச் சுருள்) சூட்டைத் தாங்குற அளவு மட்டும்தான். கோன் எவ்வளவு தூரம் முன்ன பின்ன போகலாம்ங்கிறது தனிக் கணக்கு. அதே சத்தத்துக்கு ஒரு ஆக்டேவ் கீழ போனா கோன் நாலு மடங்கு நகரணும். திறந்த E தந்தி 41 ஹெர்ட்ஸ், அஞ்சு தந்தி பேஸ்ல B 31 ஹெர்ட்ஸ். அந்த இடத்துல நிறைய ஸ்பீக்கர் எழுதியிருக்கிற வாட்டுல பாதிக்கே மூச்சு வாங்கிடும். போர்ட் (காத்து போய்வர துவாரம்) வெச்ச பெட்டி இன்னும் மோசம்: அந்தத் துவாரம் ட்யூன் பண்ணின அலைவரிசைக்குக் கீழ போனதும் உள்ள இருக்கிற காத்து கோனைப் பிடிச்சு நிறுத்தாது, அது பாட்டுக்கு ஆடும். "பர்ர்"னு சத்தம் வந்தா அதுதான். உடனே பேஸ் நாபைக் குறைங்க. அந்த நாபை 6 டெசிபல் ஏத்தினா அந்த அலைவரிசையில நாலு மடங்கு பவர் கேக்குறீங்கன்னு அர்த்தம். 35 ஹெர்ட்ஸ் பக்கத்துல ஒரு ஹைபாஸ் ஃபில்டர் (அதுக்குக் கீழ உள்ளதை வெட்டுறது) போட்டா காதுக்குப் பெருசா குறை தெரியாது, கோன் பிழைக்கும்.

15 இன்ச்னா கீழ் சுரம் தானா வந்துடும்னு ஒரு நம்பிக்கை இருக்கு. விட்டம் அதைத் தீர்மானிக்கிறதில்ல. ஸ்பீக்கரும் பெட்டியோட கொள்ளளவும் ட்யூனிங்கும் சேர்ந்துதான் தீர்மானிக்குது. ரெண்டு வேற வேற பெட்டியைச் சேர்த்தா சில அலைவரிசையில ஒண்ணு தள்ளும்போது இன்னொண்ணு இழுக்கும், அங்க சத்தம் கரைஞ்சுடும். என்னைக் கேட்டா இப்ப இருக்கிற அதே 4×10, அதே 8 ஓம், இன்னொண்ணு. 300-லேர்ந்து 500 வாட் போறதுல 2.2 டெசிபல்தான் கூடும். கோன் பரப்பு ரெண்டு மடங்காறதுல கீழ் சுரத்துல இன்னொரு 3 வரைக்கும் கிடைக்கும். பக்கத்துல பக்கத்துல வெக்காதீங்க, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குங்க. மேல் பெட்டி காது உயரத்துக்கு வரும், பக்கவாட்டுலயும் சத்தம் சீரா பரவும்.

வால்வுவிசிறி:
இடையில் ஒரு கேள்வி. டியூப் (வால்வு) ஹெட்டுக்கும் இதே விதிதானா? குறைந்த ஓம் கூடாது, அதிக ஓம் பரவாயில்லை என்று?

ஓம்காரம்:
இல்லை. டிரான்சிஸ்டர் ஆம்பில் ஓம் கூடினால் பவர் குறையும், அவ்வளவே; ஸ்பீக்கர் இல்லாமலேகூட ஆன் செய்யலாம். டியூப் ஆம்பில் லோடு இல்லாமல் வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜ் எகிறி, அதன் கம்பிச் சுற்றுகளுக்கு நடுவிலோ டியூப் சாக்கெட்டிலோ பொறி பறக்கும். அதனால் கேபினெட்டைச் செருகாமல் ஸ்டாண்ட்பை சுவிட்சை (வாசிக்கும்வரை ஆம்பை நிறுத்திவைப்பது) விடுவிக்கவே கூடாது. பின்பக்க ஓம் செலக்டரும் கேபினெட்டின் ஓமும் ஒன்றாக இருக்க வேண்டும். 1969-இல் வந்த ஆம்பெக் எஸ்விடி நல்ல பாடம்: 300 வாட் டியூப் ஹெட். அதன் 8×10 பெட்டியில் 32 ஓம் ஸ்பீக்கர் எட்டு, எல்லாம் பேரலல், ஆக 4 ஓம். இரண்டு பெட்டி போட்டால் 2 ஓம்.

நான்குதந்தி, இன்னொரு பெட்டி வாங்குமுன் இரண்டைப் பார்த்துவிடுங்கள். ஒன்று, கேபிள். ஹெட்டுக்கும் கேபினெட்டுக்கும் நடுவே கிட்டார் கேபிள் இருந்தால் தூக்கி எறியுங்கள். அதன் நடுக்கம்பி மெல்லியது, சூடாகும். ஸ்பீக்கர் கேபிள், 1.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாமல், முடிந்தால் இருபக்கமும் ஸ்பீக்கான் (பூட்டிக்கொள்ளும் ஸ்பீக்கர் பிளக்). இன்னொன்று, மல்டிமீட்டர். ஆம்பிலிருந்து கேபிளைக் கழற்றி, கேபினெட்டோடு இணைந்திருக்கும்போதே மறுமுனையில் பிளக்கின் 1+, 1− முனைகள் இரண்டையும் தொட்டு அளவுங்கள். 8 ஓம் பெட்டி 5.5 முதல் 7 வரை காட்ட வேண்டும். மீட்டர் காட்டுவது வெறும் கம்பியின் டிசி மின்தடை என்பதால் குறைவாகத்தான் வரும். ட்வீட்டருக்கு (உயர் சுரத்துக்கான சின்ன ஸ்பீக்கர்) முன்னால் கெப்பாசிட்டர் இருப்பதால் அது கணக்கில் வராது.

நான்குதந்தி:
அளந்தேன். ஸ்பீக்கர் கேபிள்தான், ஸ்பீக்கான். மீட்டர் 12.1 காட்டுகிறது. மீட்டர் தப்பா?

கோன்கிழிஞ்சவன்:
ரெண்டு முனையையும் ஒண்ணா தொட்டுப் பாருங்க, 0.5-க்குள்ள வந்தா மீட்டர் சரி. அப்படின்னா பெட்டியிலதான் கோளாறு. 8 ஓம் 4×10-ல பெரும்பாலும் 8 ஓம் ஸ்பீக்கர் நாலு இருக்கும்: ரெண்டு ரெண்டா சீரீஸ், அந்த ரெண்டு ஜோடியும் பேரலல். ஒரு ஸ்பீக்கர் அறுந்தா அதோட ஜோடியும் ஊமையாயிடும். மிச்சம் 16 ஓம், மீட்டர்ல 12. உங்க ஆம்ப் இப்ப 150 வாட் பக்கம்தான் கொடுக்குது, அதுவும் பாதி கோனுக்கு. கிட்டத்தட்ட 6 டெசிபல் போச்சு. டிரம்ஸுக்குக் கீழ அமுங்கினது இதனாலதான்.

முன் கிரில்லைக் கழட்டி, ஒவ்வொரு ஸ்பீக்கரா ஸ்க்ரூ எடுத்து, ஒரு பக்க ஒயரைப் பிடுங்கிட்டு அளந்து பாருங்க. நல்லது 6 பக்கம் காட்டும், அறுந்தது ஒண்ணுமே காட்டாது. காயில் போயிடுச்சுன்னு உடனே முடிவு பண்ணாதீங்க. டெர்மினல்லேர்ந்து கோனுக்குப் போற பின்னல் ஒயர் சால்டர்ல விட்டிருக்கலாம், ஸ்பேடு (ஒயர் முனையில இருக்கிற தட்டைக் கிளிப்) கழண்டிருக்கலாம்.

ஓம்காரம்:
மாற்ற வேண்டியிருந்தால் அதே மாடல், அதே 8 ஓம். மாட்டியபின் 9 வோல்ட் பேட்டரியைக் கேபிள் முனையில் ஒரு நொடி தொடுங்கள், + முனை 1+ இல். நான்கு கோன்களும் ஒரே பக்கம் நகர வேண்டும்; ஒன்று மட்டும் எதிராக நகர்ந்தால் அதன் ஒயரை மாற்றிப் போடுங்கள். ஸ்க்ரூக்களை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள், கேஸ்கெட் சரியாக உட்காராவிட்டால் காற்று கசிந்து விசிலடிக்கும்.

நான்குதந்தி:
இடப்பக்கம் கீழே உள்ளது. ஸ்பேடுதான் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. அழுத்தி மாட்டியபின் மீட்டரில் 6.1.