மாந்தோப்புக் குடும்பம் குழு: 13 ஜூலை 2025, ஞாயிறு காலை

சித்தப்பா 6:52
காலை வணக்கம். நேற்று ராத்திரி விம்பிள்டன் யாராவது பார்த்தீர்களா? நான் சாப்பிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வருவதற்குள் ஃபைனல் முடிந்துவிட்டது. 6-0, 6-0!

கார்த்தி அண்ணா 6:58
மொத்தம் 57 நிமிடம் சித்தப்பா. விம்பிள்டன் பெண்கள் ஃபைனலில் 1911-க்குப் பிறகு இப்படி ஒரு ஸ்கோர் இப்போதுதான்.

சித்தப்பா 6:59
தோற்ற அந்த அனிசிமோவாவுக்கு ஆடவே தெரியாதா? ஃபைனல் வரைக்கும் எப்படி வந்தார்?

கார்த்தி அண்ணா 7:01
தெரியாதாவா! அரையிறுதியில் உலக நம்பர் ஒன் சபலென்காவைத் தோற்கடித்துவிட்டு வந்தவர். ஜெயித்த ஸ்வியாடெக் அருமையாக ஆடினார், சரி. ஆனால் இரண்டே நாளில் அனிசிமோவாவுக்கு டென்னிஸ் மறந்துவிடுமா?

சித்தப்பா 7:02
அப்போ பயம்தான். தைரியம் இல்லாதவருக்கு எதற்கு ஃபைனல்?

பெரியப்பா 7:06
🎤 குரல் பதிவு 2:14

சித்தப்பா 7:07
அண்ணா, மாங்கூழ் ஃபேக்டரியில் இருக்கிறேன். மிஷின் சத்தத்தில் ஒன்றும் கேட்காது, டைப் பண்ணுங்கள்.

பெரியப்பா 7:19
தைரியம் இல்லை என்று சட்டென்று சொல்லிவிடாதே தம்பி. 1993 விம்பிள்டன் ஃபைனல். யானா நொவோட்னாவுக்கு எதிரே ஸ்டெஃபி கிராஃப். மூன்றாவது செட்டில் நொவோட்னா 4-1 முன்னிலை, சர்வீஸும் அவருடையது, 40-30. ஒரு புள்ளி எடுத்தால் 5-1. அந்த இடத்தில் டபுள் ஃபால்ட், இரண்டு சர்வீஸும் தவறிப் புள்ளி எதிராளிக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு ஒரு கேம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. 6-4 என்று கிராஃப் முடித்துவிட்டார். பரிசளிப்பின்போது நொவோட்னா, பிரிட்டிஷ் அரச குடும்பத்து கென்ட் கோமகளின் தோளில் சாய்ந்து அழுதார். சர்வீஸ் போட்ட கையோடு வலைக்கு ஓடி வந்து ஆடுகிறவர் அவர். பயந்தாங்கொள்ளி ஆடுகிற ஆட்டமா அது?

அத்தை 7:24
எனக்கு எட்டு போட்ட கதைதான் ஞாபகம் வருகிறது. காவேரிப்பட்டினம் சந்து பொந்தெல்லாம் ஸ்கூட்டியில் புகுந்து வந்தவள் நான். லைசென்சுக்கு எட்டு போடச் சொன்னதும் எந்தக் கையில் பிரேக் என்று யோசித்தேன் பாருங்கள், அங்கேயே காலை ஊன்றிவிட்டேன்.

பெரியப்பா 7:25
அதற்கு முன்னால் லைசென்ஸ் இல்லாமலா சுற்றிக்கொண்டிருந்தாய்?

அத்தை 7:25
எல்எல்ஆர் இருந்தது அண்ணா 😄

கார்த்தி அண்ணா 7:31
அத்தை சொன்னதேதான். கை தானாகச் செய்கிற வேலைக்குள் மூளை புகுந்து ஒவ்வொன்றாக ஏவ ஆரம்பித்தால் எல்லாம் குழம்பிவிடும். ஓடி வருகிற பந்துக்கு யோசிக்க நேரம் கிடையாது. சர்வீஸுக்குத்தான் நின்று நிதானமாக யோசிக்கலாம். அதனால் பதற்றம் முதலில் அங்கேதான் தெரியும். பிடி இறுகும், தோள் விறைக்கும், மேலே போடுகிற பந்து கோணலாகப் போகும். சபலென்கா 2022-இல் மட்டும் 400-க்கு மேல் டபுள் ஃபால்ட் போட்டார். ஒரு நிபுணரை வைத்து சர்வீஸ் அசைவையே திருத்திக்கொண்டு, 2023-இல் ஆஸ்திரேலியன் ஓப்பன் ஜெயித்தார். அதிலும் ஃபைனலில் முதல் மேட்ச் பாயிண்டில், அதாவது எடுத்தால் ஆட்டமே முடிகிற புள்ளியில், டபுள் ஃபால்ட்! நான்காவதில்தான் முடிந்தது.

கார்த்தி அண்ணா 7:34
இன்னொன்று. நம் ஊர்க் கபடியில் கடைசி இரண்டு நிமிடம் முன்னிலையில் இருந்தால் என்ன செய்வோம்? ரெய்டு போய் எதிரணிப் பக்கத்துக் கோட்டைத் தாண்டிவிட்டுத் திரும்பி நேரத்தை ஓட்டுவோம். டென்னிஸில் அந்த வழியே இல்லை. 5-0 என்று இருந்தாலும் கடைசிப் புள்ளியை நீயேதான் எடுத்தாக வேண்டும்.

அம்மா 7:36
இதையெல்லாம் தமிழினி படித்தால் நல்லது. வெள்ளிக்கிழமையிலிருந்து சரியாகவே சாப்பிடவில்லை.

நான் 7:36
அம்மா!!!

சித்தப்பா 7:37
என்னம்மா ஆச்சு?

நான் 7:45
குறுவட்டப் போட்டி, ஷட்டில் ஃபைனல். மூன்றாவது கேமில் நான் 20-17 முன்னிலை, இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் ஜெயிப்பேன். அதுவரை மெடல் ஞாபகமே வரவில்லை சித்தப்பா. 20 வந்ததும் பிரேயரில் என் பெயரை வாசிப்பதுவரை நினைத்துவிட்டேன். அப்புறம் அது என் கை மாதிரியே இல்லை. ஷார்ட் சர்வீஸ் நெட்டில். 20-22.

சித்தப்பா 7:46
அடடா. நான் வேறு காலையிலேயே தைரியம் கிய்ரியம் என்று உளறிவிட்டேன். மனதில் வைத்துக்கொள்ளாதே கண்ணு.

பெரியப்பா 7:52
முப்பது வருடம் பி.டி. வாத்தியாராக இருந்தவன் சொல்கிறேன். நாளையிலிருந்து பிராக்டிஸில் 0-0 வேண்டாம். 20-17 என்று வைத்துக்கொண்டு ஆட்டத்தை ஆரம்பி. தோற்றவர் கிரவுண்டை இரண்டு சுற்று ஓட வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் கூப்பிட்டு நிறுத்து, கத்தட்டும்.

நான் 7:53
சரி பெரியப்பா. அந்த நொவோட்னா அப்புறம் என்ன ஆனார்?

பெரியப்பா 7:56
1997-இல் மறுபடியும் ஃபைனல் வந்தார். ஹிங்கிஸிடம் தோல்வி. 1998-இல் ஜெயித்தார், 29 வயதில். கோப்பையைக் கொடுத்தது அதே கோமகள்தான்.

கார்த்தி அண்ணா 7:58
இன்று ராத்திரி 8:30-க்கு ஆண்கள் ஃபைனல். சின்னர், அல்கராஸ். ஐந்து வாரத்துக்கு முன்னால் பாரிஸில் பிரெஞ்சு ஓப்பன் ஃபைனலில் இதே அல்கராஸிடம் சின்னர் மூன்று மேட்ச் பாயிண்டைக் கோட்டைவிட்டுத் தோற்றார்.

நான் 7:58
மூன்றா? எனக்கும் மூன்றுதான் அண்ணா.

சித்தப்பா 7:59
எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள், பெரிய டிவி. தோப்பில் செந்தூரம் முடிந்துவிட்டது, நீலம் ஒரு கூடை எடுத்து வைக்கிறேன்.

நான் 8:00
இரண்டு கூடை.