பொருள்: மறு: மறு: கைக்கருவியும் கணினியும் – ‘தரவு மாற்றம்’ போதுமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நடக்கும் ஞாயிறு வகுப்புக்கான கைக்கருவிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மற்றதெல்லாம் முடிந்துவிட்டது, ஒரு சொல்தான் நிற்கிறது: கைக்கருவியிலும் கணினியிலும் உள்ள பதிவுகளை ஒப்பிட்டு ஒன்றாக்கும் ‘சிங்க்ரனைசேஷன்’ (synchronization) என்பதற்குத் தமிழ். வந்த மடல்களை எல்லாம் படித்தேன். ஈப்போ ஐயா எழுதியதிலிருந்து தொடங்குகிறேன்.

> மேசைக் கணினியிலிருந்து கைக்கருவிக்குத் தரவு போகிறது. ‘தரவு மாற்றம்’ என்றால் எல்லாருக்கும் புரியும். பிறகு எதற்கு இவ்வளவு விவாதம்?

ஐயா, போவது மட்டும் என்றால் விவாதமே வேண்டாம். இங்கே கோயில் நிர்வாகம் உறுப்பினர் பட்டியலைக் கணினியில் ஆக்சஸ் என்ற தரவுத்தளச் செயலியில் வைத்திருக்கிறது. திருவிழா வசூலுக்குப் பொருளாளர் பாம் பைலட் என்ற கைக்கருவியோடு லயம் லயமாக (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசைகள்) போகிறார். பட்டியலைக் காற்புள்ளியால் பிரித்த கோப்பாக எடுத்து, பாம் தரவுத்தளக் கோப்பாக மாற்றி, கருவியைக் கணினியோடு இணைந்த தொட்டிலில் (தாங்கியில்) வைத்துப் பொத்தானை அழுத்தினால் உள்ளே இறங்கிவிடும். இது ஒருவழி வேலை. அடுத்த வாரம் பட்டியலை மறுபடி இறக்கினால், லயத்து வாசலில் நின்று அவர் குறித்துக்கொண்டதெல்லாம் அழிந்து பழைய பட்டியலே உட்கார்ந்துவிடும். எங்களிடம் இருந்த பழைய தாளில் இந்த வேலைக்கும், அடுத்து நான் சொல்லப்போகும் இருவழி வேலைக்கும் ‘தரவு மாற்றம்’ என்றே போட்டிருந்தது. அதை நம்பிச் செய்ததில் ஒரு பிரிவின் வசூல் விவரமே போயிற்று. ரசீது அடிக்கட்டையைப் பார்த்துத் திரும்ப எழுதினோம்.

முகவரி, நாட்காட்டி ஆகியவற்றில் நடப்பது வேறு. அங்கே ஒவ்வொரு பதிவுக்கும் 24 பிட் அடையாள எண் ஒன்று உண்டு. கூடவே ‘மாறியது’, ‘அழிக்கப்பட்டது’ என்று காட்டும் குறிகளும் உண்டு. போன தடவை இணைத்த அதே கணினி என்றால் குறி விழுந்த பதிவுகளை மட்டும் இரு பக்கமும் பார்த்து முடித்துவிடும். வேறு கணினி என்றால் குறிகளை நம்பாமல், கடைசியாகச் சேமித்த படியோடு எல்லாப் பதிவுகளையும் ஒப்பிடும். அதனால்தான் நேரம் பிடிக்கிறது. ஒரே பதிவை இரண்டு பக்கமும் வேறு வேறாகத் திருத்தியிருந்தால் இரண்டையும் வைத்துக்கொண்டு, எது சரி என்று முடிவெடுப்பதை நம்மிடம் விட்டுவிடும். இந்த வேலைக்குத்தான் பெயர் கேட்கிறேன். ஒருவழியாகக் கருவிக்குள் போடுவதற்கு ‘ஏற்றுதல்’ போதும், அதில் யாருக்கும் மறுப்பில்லை.

> ஆங்கிலச் சொல்லின் வேர் கிரேக்கம். ‘குரோனோஸ்’ காலம். ஆகவே ‘ஒருகாலாக்கம்’ என்பதே முறை.

மூலத்தில் காலம் இருக்கிறது, உண்மை. ஆனால் தொட்டிலில் வைத்தபின் நடக்கும் வேலையில் காலம் எங்கே இருக்கிறது? காலையில் திருத்தியதும் மாலையில் திருத்தியதும் ஒன்றாகச் சேர வேண்டும், அவ்வளவுதான். கிரேக்கனின் உவமையை நாம் ஏன் சுமக்க வேண்டும்? கிள்ளானிலிருந்து அக்கா ஒருவர் எழுதியதைப் பாருங்கள்: மலாயில் ‘செகெராக்’ என்ற சொல்லிலிருந்து ‘பெஞெகெராக்கான்’ வந்தது, ‘செ’ ஒன்று, ‘கெராக்’ அசைவு. அவர்கள் காலத்தைத் தொடவே இல்லை. தங்கள் வீட்டுச் சொற்களையே எடுத்துக்கொண்டார்கள்.

> ‘ஒக்கல்’ இருக்கிறதே! ஒ என்னும் வேர், ஒத்திருத்தல். ‘தென்புலத்தார் தெய்வம் விருந்தொக்கல்’ என்று வள்ளுவரே ஆண்டிருக்கிறார்.

ஆண்டது சுற்றத்தாருக்கு. இங்கே பிள்ளையை ஒக்கலில் தூக்கி வைத்திருக்கும் தாய்மாரும் வகுப்புக்கு வருகிறார்கள். அவர்களுக்கு அது இடுப்பு. சிலர் சொல்லும் ‘ஒத்திசைவு’ அழகான சொல், எனக்கும் பிடிக்கும். ஆனால் அது பாட்டுக்காரரின் சொல். இரண்டு குரல்கள் இனிமையாகச் சேர்வதைச் சொல்கிறது. முரண்பட்ட இரண்டு பதிவுகளை எதிரெதிரே வைத்து ஒன்றைத் தேர்வதை அது சொல்லவில்லை. ‘ஒத்தி’ என்று தொடங்கினாலே என் மாணவருக்குக் கூட்டத்தை ஒத்திவைத்ததுதான் நினைவுக்கு வருகிறது.

என் வேண்டுகோள் ‘நேர்செய்தல்’. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். பிரட்டில் (ஆள் கணக்கெடுக்கும் இடத்தில்) கங்காணி, அதாவது மேற்பார்வையாளர், தன் சின்னப் புத்தகத்தில் பேர் போட்டுக்கொள்வார். ஆபீசில் கிராணியிடம், அதாவது எழுத்தரிடம், செக்ரோல் என்ற வருகைப் பதிவேடு இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, விட்டுப்போன பேரைச் சேர்த்து, தகராறு வந்தால் ஆளைக் கூப்பிட்டுக் கேட்டு முடிப்பார்கள். ‘கணக்கை நேர்செய்தாச்சா?’ என்றுதான் கேட்பார்கள். கருவி செய்வதும் அதேதான். தூய தமிழ் வேண்டும் என்பவருக்கும் இதில் குறை இல்லை, எளிய தமிழ் வேண்டும் என்பவருக்கும் இல்லை.

மறுப்பு இருந்தால் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள்.

——

மறு: (டொராண்டோவிலிருந்து)

அன்புடையீர், ‘நேர்செய்தல்’ தொழிலைச் சொல்லும்; பெயராகச் சுருங்காது. நாளை ‘நேர்செய்தல் மடை’, ‘நேர்செய்தல் பதிவேடு’ என்று தொடர்கள் வரும். நாக்கு தடுக்கும். சுருக்கி ‘நேர்பு’ என்பீர்களோ? அது தொல்காப்பியச் செய்யுளியலில் அசையின் பெயர். நேரசையின் பின் குற்றியலுகரம் நின்றால் நேர்பு, நிரையின் பின் நின்றால் நிரைபு. யாப்பு படித்தவன் சிரிப்பான். நேர்தல் என்பதற்கு உடன்படுதல், நிகழ்தல், கடவுளுக்குப் பொருத்தனை செய்தல் என்றெல்லாம் பொருள் விரியும். தைப்பூசக் காவடி எடுப்பவருக்கு ‘நேர்த்தி’ வேறு. ‘ஒத்திசை’ வினையாகவும் வரும், ‘ஒத்திசைவு’ பெயராகவும் வரும்; ஒத்து + இசை, குற்றியலுகரம் கெட்டுப் புணர்ந்தது, புணர்ச்சி சுத்தம். என் வாக்கு அதற்கே.

——

மறு: (கோவையிலிருந்து)

இங்கே கருவி வைத்திருப்பவர்கள் எல்லாரும் ‘சிங்க் பண்ணு’ என்கிறார்கள். வடவெழுத்தை நீக்கி வடசொல்லை எடுத்துக்கொள்ளலாம் என்று தொல்காப்பியரே வழி சொல்லியிருக்கிறாரே. ஆங்கிலத்துக்கும் அதே வழி ஆகாதா? எழுதத்தான் வேண்டும் என்றால் நானும் ஒத்திசைவுக்கே.

——

மறு:

அன்பர்களுக்கு நன்றி. குழுவில் பெரும்பாலானோர் ஒத்திசைவு என்கிறார்கள். பாதிப் பேர் வாதத்தால் மனம் மாறவில்லை, களைத்துப்போய் ஒப்புக்கொண்டார்கள் என்றே நினைக்கிறேன். கோவை நண்பரே, எழுத்தை மாற்றினால் ஒலி தமிழாகும். பொருள் புரிய வேண்டுமே, புதிதாகக் கருவியைத் தொடும் என் மாணவருக்கு?

குழுவின் முடிவை மதித்துத் தலைப்பில் ‘ஒத்திசைவு’ போடுகிறேன். உள்ளே செயல்முறை சொல்லும் இடங்களில் எல்லாம் ‘நேர்செய்’ என்றே இருக்கும்: ‘ஏற்றும் முன் நேர்செய்யவும்’. அந்த வரியைத் தடித்த எழுத்தில் போடச் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு செயலிக்கும் பதிவுகளைக் கொண்டுபோய்க் கொண்டுவரும் கணினிப் பக்க நிரலுக்கு டொராண்டோ ஐயா போகிற போக்கில் ‘மடை’ என்றார். அதை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

——

மறு: (டொராண்டோவிலிருந்து)

ஒரே தாளில் ஒரு செயலுக்கு இரண்டு சொல் கூடாது. என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். மடையை நான் உவமையாகச் சொன்னேன், சொல்லாக்கவில்லை. மடைக்குச் சோறு என்றும் பொருள் உண்டு, மடைப்பள்ளியை நினையுங்கள். விரிவாக நாளை எழுதுகிறேன்.