ஓவிய ரெஸ்டோரரைத் தமிழில் எப்படி அழைப்பது?

குழுவினருக்கு வணக்கம். பள்ளி மாணவர்களுக்கான தொழில் வழிகாட்டி நூலொன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மிலான் நகரத்து மடமொன்றின் உணவுக்கூடச் சுவரில் லியொனார்டோ தீட்டிய, இயேசுவின் 'இறுதி இராவுணவு' ஓவியத்தை 1978 முதல் 1999 வரை சீர்செய்த பினின் பிராம்பில்லா பார்சிலோன் அம்மையாரைப் பற்றி அதில் ஓர் இயல் உள்ளது. ஈரச் சுண்ணத்தில் தீட்டாமல் உலர்ந்த சுவரில் தீட்டியதால் ஓவியம் விரைவிலேயே உதிரத் தொடங்க, பின்வந்தவர்கள் தத்தம் வண்ணத்தை அதன்மேல் பூசிவிட்டார்கள். அம்மையார் நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்து அப்பூச்சுகளைச் சிறு கத்தியால் சுரண்டி எடுத்து, மூலம் அழிந்த இடங்களில் மங்கலான நீர்வண்ணம் மட்டும் இட்டார். இத்தொழில் செய்பவரை 'ஓவிய மீட்பர்' எனலாமா?

மறுமொழி: தமிழாசிரியர், மதுரை

அம்மா, மீட்பர் அந்த ஓவியத்தின் நடுவிலேயே அமர்ந்திருக்கிறாரே! 'பாதுகாவலர்' என்றால் வனத்துறை நினைவுக்கு வரும். 'காப்பாட்சியர்' அருங்காட்சியகத்தில் வேறொரு பதவி. 'செப்பனர்' என்பது என் பரிந்துரை. 'செப்பம் உடையவன் ஆக்கஞ் சிதைவின்றி' என்ற குறளில் செப்பம் நடுவுநிலையைக் குறிக்கிறது; தன் கையைக் காட்டாமல், மூல ஓவியனுக்கும் காலத்துக்கும் இடையே நடுநிற்பவருக்கு இதைவிடப் பொருத்தமான வேர் ஏது? 'சிதைவின்றி' என்று வள்ளுவரே சேர்த்தும் வைத்திருக்கிறார்.

மறுமொழி: ஓவிய ஆசிரியை, கும்பகோணம்

ஐயா, என் மாணவர்கள் செப்பனரைச் செம்புப் பாத்திரம் செய்பவர் என்றே கொள்வார்கள். 'சீரமைப்பாளர்' எல்லோருக்கும் விளங்கும். ஆயினும் எனக்கே அதில் ஒரு நெருடல் உண்டு: எங்கள் ஊர்க் கோயிலில் பழைய விதான ஓவியத்தின்மேல் பளபளக்கும் எனாமல் அடித்துவிட்டு, அதையும் சீரமைப்பு என்றுதான் கல்வெட்டில் பொறித்தார்கள்.

மறுமொழி: பதிப்பாளர், சென்னை

அந்த நெருடலைத் தள்ளிவிடக் கூடாது. தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியத்தின் அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். பின்னாளில் தொல்லியல் துறை வேதியியலர்கள் மேலடுக்கை அழிக்காமல் பெயர்த்தெடுத்துத் தனிப் பலகைகளில் பொருத்தினார்கள். இரண்டையும் பேணிய அச்செயலைச் சீரமைப்பு என்பதா? புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்காதபோது, உ. வே. சா. தாமே இரண்டு பாடல்களை எழுதிச் சேர்த்துவிடவில்லை. இடத்தை வெற்றாகவே விட்டார். ஓவியத்தில் அதைச் செய்பவர் 'ஓவியப் பேணுநர்'.

மறுமொழி: மொழிபெயர்ப்பாளர்

அனைவருக்கும் நன்றி. தனிமடல்களையும் சேர்த்தால் 'சீரமைப்பாளர்' பக்கம் நால்வர், 'பேணுநர்' பக்கம் இருவர். 'பேணுநர்' சரியான சொல் என்றே எனக்கும் படுகிறது. ஆனால் குழந்தையைப் பேணுபவரா, ஓவியத்தைப் பேணுபவரா என்று பதிப்பகத்தார் கேட்டுவிட்டார்கள். தலைப்பில் 'ஓவியச் சீரமைப்பாளர்' என்றும், உள்ளே ஓரிடத்தில் 'பேணுநர்' என்றும் இட்டு அனுப்புகிறேன்.

மறுமொழி: தமிழாசிரியர், மதுரை

அடிக்குறிப்பில் செப்பனருக்கு ஒரு வரி கூடவா இடமில்லை?