இறகு உதிர்த்த பெட்டைக்கு முதுகில் மட்டும் முளைக்கவில்லை

வணக்கம். பெருந்துறை பக்கம் வீட்டுக் கொல்லையில் ஆறு சிறுவிடை நாட்டுக்கோழிப் பெட்டைகளும் ஒரு சேவலும் வளர்க்கிறேன். புரட்டாசி கடைசியில் எல்லாமே இறகு உதிர்க்க ஆரம்பித்தன, முட்டையும் நின்றது. வருஷா வருஷம் நடப்பதுதானே என்று விட்டுவிட்டேன். எட்டிலிருந்து பன்னிரண்டு வாரத்தில் சரியாகிவிடும்.

ஐந்து கோழிகளுக்குப் புது இறகு பளபளவென்று வந்துவிட்டது. கறுப்புப் பெட்டைக்கு மட்டும், இரண்டு வயது, ஒன்பது வாரமாகியும் முதுகு மொட்டை. கழுத்தில் முள் முள்ளாகக் குருத்து வந்திருக்கிறது. முதுகில் தடவிப் பார்த்தால் தோல் வழுவழுவென்று இருக்கிறது, ஒரு குருத்துகூட இல்லை. எடை 1.3 கிலோவிலிருந்து 1.1 ஆகிவிட்டது. கொண்டை வெளுத்திருக்கிறது. எச்சம் சரியாக இருக்கிறது, இரையும் எடுக்கிறது.

இறகே பெரும்பாலும் புரதம் என்பதால் கம்போடு கருவாட்டுத் தூள், கடலைப் புண்ணாக்கு சேர்த்தேன். கிடைத்த அன்றெல்லாம் கரையானும் போட்டேன். குடற்புழு மருந்து கொடுத்து மூன்று வாரமாகிறது. இறக்கைக்கு அடியில் விலக்கிப் பார்த்தேன், பேன் இல்லை. இரவில் டார்ச் அடித்துக் கூண்டுச் சந்துகளையும் பார்த்தாயிற்று, உண்ணி இல்லை. சேவல் மிதித்து உதிர்ந்ததோ என்று பத்து நாளாக இந்தப் பெட்டையைத் தனியாகக் கொடாப்பில் (கோழி அடைக்கும் கூடையில்) அடைத்திருக்கிறேன். மாற்றமில்லை. கால்நடை மருந்தகத்தில் சத்து டானிக் கொடுத்தார்கள், அதுவும் தீர்ந்துவிட்டது.

மார்கழிப் பனியில் விடியற்காலை வெற்று முதுகோடு ஒடுங்கி நிற்பதைப் பார்க்கவே முடியவில்லை.

கழுத்தில் முளைத்து முதுகில் மட்டும் முளைக்காமல் இருந்தால், இன்னும் பொறுக்கலாமா, வேறு நோய்க்குப் பார்க்க வேண்டுமா?