மாலை வகுப்புப் பணம்: யார் அனுப்பலாம், யார் அனுப்பக் கூடாது

வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்ச் சொந்தங்களுக்கு வணக்கம்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது மேலூரில் ஆடிட்டரிடம் உட்கார்ந்து நம் ஊர்ச் சங்கத்தின் பழைய பாஸ்புக்குகளைப் புரட்டினேன். 2013ல் நாமெல்லாம் சேர்ந்து, சங்கம் நடத்தும் மாலை வகுப்புக்காக 5 லட்சம் டெபாசிட் போட்டோம். அப்போது வட்டி ஒன்பதை ஒட்டி இருந்தது. வருடம் 45,000 வந்தது. மாலை வகுப்புக்கு இரண்டு டீச்சர், ஆளுக்கு மாதம் 1,500. கரண்டு பில், சாக்பீஸ் போக மிச்சமும் இருந்தது. அசலைத் தொட வேண்டாம், வட்டியிலேயே ஓடும் என்று அன்றைக்குப் பெருமையாகப் பேசியவர்களில் நானும் ஒருத்தன்.

2020ல் புதுப்பித்தபோது வட்டி ஐந்தரைக்கும் கீழே. 27,000 சொச்சம்தான். இப்போது கொஞ்சம் ஏறி 32,000 வருகிறது, ஆனால் டீச்சர் சம்பளம் 3,000 ஆகிவிட்டது. அதுவே வருடம் 72,000. அதற்கும் குறைத்துக் கொடுத்தால் யார் வருவார்கள்? துண்டு விழுவதை இதுவரை தலைவர் அண்ணன் தன் கையிலிருந்து போட்டிருக்கிறார், நம்மிடம் சொல்லாமலே.

மந்தையில் நுழைவு வளைவு கட்டப் பணம் பத்தே நாளில் சேர்ந்தது. கல்வெட்டில் பேர் வருமே! கரண்டு பில்லுக்கு யார் கல்வெட்டு வைப்பது? டெபாசிட்டை உடைத்துக் கட்டடத்துக்குப் பெயின்ட் அடிக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. தயவுசெய்து வேண்டாம்.

இன்னொன்று. 2022ல் சிங்கப்பூர் பாஸ்போர்ட் வாங்கிய என் மைத்துனர் நேராகச் சங்கக் கணக்குக்கு அனுப்பிவிட்டார். ஆடிட்டர் பதறிப்போய்த் திருப்பி அனுப்ப வைத்தார். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் வெளிநாட்டில் சம்பாதித்த சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை இல்லை. குடியுரிமை மாற்றியவர் அனுப்பினால், ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். அதை வாங்க எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ வேண்டும், டெல்லி ஸ்டேட் பாங்க் மெயின் கிளையில் தனிக் கணக்கும் வேண்டும். பதிவு கேட்பதற்கே முந்தைய மூன்று வருடத்தில் 15 லட்சம் செலவு காட்ட வேண்டும். நாம் மூன்று லட்சத்தைத் தாண்ட மாட்டோம். ஊரில் இருக்கும் தம்பி கணக்கு வழியாகச் சுற்றிவிடலாமா என்று தனியாக எழுதிக் கேட்காதீர்கள், அதுவும் வில்லங்கம்தான்.

ஆக, இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் எட்டுப் பேர் மாதம் 500 போட்டால் வருடம் 48,000. துண்டு அடைந்துவிடும். நான் ஒன்று. துபாய், மஸ்கட் மாப்பிள்ளைகளே, மீதி ஏழு பேர் யார்?